நீரோடு வந்த நஞ்சு – 9: ஜின்சூ ஆற்றங்கரைப் பெண்கள்

சென்ற அத்தியாயத்தில் அஷியோ செம்புச் சுரங்கத்தையும், வதராசே ஆற்று விவசாயிகளுக்காக 1901இல் பேரரசரின் வண்டியை மறித்து மனுவை நீட்டிய தனகா ஷோசோவையும் பார்த்தோம். அஷியோவின் கதை அன்றைய ஜப்பான் முழுக்கத் தெரிந்தது. நாடாளுமன்றத்தில் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின, விவசாயிகள் தலைநகரை நோக்கி நடந்தார்கள். அதே காலத்தில் நாட்டின் மேற்குக் கரையில் இன்னோர் ஆறும் நஞ்சேறிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றுநீரைக் குடித்த பெண்களுக்கு நாற்பது வயதைத் தொடும்போது இடுப்பு வலித்தது. பிறகு தொடை, தோள், விலா. வலி தாங்காமல் படுத்தவர்கள் பலர் மறுபடி எழவில்லை. அவர்களைப் பற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு யாரும் எழுதவில்லை.

அந்த ஆற்றின் பெயர் ஜின்சூ. கிஃபு மாவட்டத்து மலைகளில் தகஹாரா, மியா என்ற இரண்டு ஆறுகளாகப் பிறந்து, ஒன்றாகச் சேர்ந்து, வடக்கே தொயாமா சமவெளியில் இறங்கிக் கடலில் கலக்கிறது. சமவெளியில் இறங்கியதும் வாய்க்கால்கள் பிரிகின்றன. அவைதான் நன்செய்க்குப் பாசனம். வீட்டுக்குக் குடிநீரும் அவைதான். குழாய் நீர் வருவதற்கு முன், வாசலை ஒட்டி ஓடும் வாய்க்காலில் மொண்டுதான் சோறு சமைத்தார்கள், தேநீர் வைத்தார்கள், குளித்தார்கள், துணி அலசினார்கள். நம் டெல்டா கிராமங்களில் ஆற்றோடு வாழ்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தகஹாரா ஆற்றங்கரையில், மலைக்குள், கமியோகா சுரங்கம். எட்டாம் நூற்றாண்டிலேயே அங்கே தாது எடுத்ததாக ஊர் மரபு சொல்கிறது. பல நூற்றாண்டுகளாக வெள்ளி, செம்பு, ஈயம் எடுத்தார்கள். சிறு சிறு குழிகள், கைவேலை. 1874இல் மிட்சுயி நிறுவனம் உள்ளே வந்தது. சிறு உரிமையாளர்களிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, 1889க்குள் சுரங்கம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அதன்பின் எந்திரங்கள் வந்தன, மலை வேகமாகக் குடையப்பட்டது.

அதுவரை அந்த மலையில் துத்தநாகத் தாதுவுக்கு மதிப்பே இல்லை. வெள்ளியும் ஈயமும் எடுத்தபின் அதைக் கழிவோடு கழிவாகக் கொட்டினார்கள். 1904-05இல் ரஷ்யாவோடு நடந்த போர் நிலைமையை மாற்றியது. தோட்டாவின் உறைக்குப் பித்தளை வேண்டும், பித்தளைக்குத் துத்தநாகம் வேண்டும். போர் முடிந்த கையோடு கமியோகாவில் துத்தநாகத் தாதுவைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. துத்தநாகத் தாதுவில் காட்மியம் என்ற உலோகம் எப்போதும் சிறிதளவு கலந்திருக்கும். அன்றைக்கு அதை வாங்க ஆளில்லை. எனவே அது கழிவில் போயிற்று, கழிவு ஆற்றில் போயிற்று.

எவ்வளவு தாது வெட்டப்பட்டது என்பதைவிட, அதை எப்படி அரைத்தார்கள் என்பதில்தான் கேடு இருந்தது. பழைய முறையில் தாதுக்கல்லை உடைத்து, கனத்தை வைத்துப் பிரிப்பார்கள். கழிவு கல்லும் மணலுமாகக் கிடக்கும். 1920களின் பிற்பகுதியில் நுரைமிதப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தாதுவை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, எண்ணெயும் காற்றும் செலுத்தினால் உலோகத் துகள்கள் நுரையோடு மேலே வரும். உலோகம் அதிகம் கிடைத்தது. மிஞ்சிய கழிவோ மாவைப் போல நுண்ணியது. ஆற்றில் விட்டால் அடியில் படியாமல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தாண்டிச் சமவெளி வரை வந்துவிடும். காற்றும் நீரும் பட்ட நுண்துகளிலிருந்து காட்மியம் எளிதில் கரையவும் செய்யும். கரைந்த உலோகத்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கலங்கிய நீரைத் தெளிய வைத்துக் குடித்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த சேற்றை மட்டுமே விலக்கினார்கள்.

விவசாயிகள் சும்மா இருந்துவிடவில்லை. ஆறு பாலாக வெளுத்து வருகிறது, மீன் செத்து மிதக்கிறது, மடை வாயில் பயிர் கருகுகிறது என்று முறையிட்டார்கள். கழிவைத் தேக்கி வைக்கக் குட்டை கட்டச் சொன்னார்கள். 1930களில் கழிவுத் தேக்கம் ஒன்று கட்டப்பட்டது. பின்னர் சீனாவோடு போர், அதைத் தொடர்ந்து உலகப் போர். ஈயமும் துத்தநாகமும் எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்ற நிலை. கொரியத் தொழிலாளர்களையும் நேச நாட்டுப் போர்க்கைதிகளையும் கொண்டுவந்து அந்தச் சுரங்கத்தில் வேலை வாங்கினார்கள். உற்பத்தி ஏற ஏறக் கழிவும் ஏறியது. இத்தனை முறையீடுகளும் பயிரைப் பற்றியவை, மீனைப் பற்றியவை. மனிதர்களைப் பற்றி ஒரு முறையீடும் இல்லை. வீட்டுக்குள் படுத்துக் கிடக்கும் பெண்ணுக்கும் வாய்க்கால் நீருக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நோயாளிகள் 1910களிலிருந்தே இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. பெரும்பாலும் பெண்கள், அதிலும் பல பிள்ளைகள் பெற்றவர்கள், மாதவிடாய் நிற்கும் வயதை எட்டியவர்கள். முதலில் இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். பிறகு நடையே நின்றுபோகும். எலும்பு அவ்வளவு மென்மையாகிவிடும், இருமினால் விலா முறியும். நாடி பார்க்க மருத்துவர் கையைத் தூக்கினாலே முறியும். முதுகெலும்பு நசுங்கி, உயரம் முப்பது சென்டிமீட்டர் வரை குறைந்தவர்கள் உண்டு. ஒரே உடலில் எழுபதுக்கும் மேற்பட்ட முறிவுகள் எண்ணப்பட்டிருக்கின்றன. இத்தனைக்கும் நினைவு தப்பாது. கடைசி மூச்சுவரை வலி தெளிவாகத் தெரியும். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் ஓயாமல் சொன்னதே நோயின் பெயராகிவிட்டது: இத்தாய்-இத்தாய்.

முன்வினைப் பயன் என்று ஊர் பேசியது. அந்த வீடுகளில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கினார்கள். எனவே குடும்பங்கள் நோயாளியை உள்ளறையில் மறைத்து வைத்தன. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வதைப்பது இந்தப் பகுதிதான். எலும்பு முறிந்தவளை ஊர்க் கண்ணிலிருந்து மறைத்தார்கள். அவளைப் படுக்கையில் தள்ளிய கழிவு மட்டும் எல்லோர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

ஃபுச்சூ என்ற ஊரில் ஹகினோ குடும்பத்தின் மருத்துவமனை இருந்தது. பரம்பரை மருத்துவர்கள். அக்குடும்பத்து நொபொரு ஹகினோ போருக்குப் போய் 1946இல் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால், எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரே மாதிரி வலியோடு நோயாளிகள் காத்திருந்தார்கள். 1955இல் டோக்கியோவிலிருந்து வந்த மூட்டுவாத நிபுணர் மினொரு கோனோவோடு சேர்ந்து இந்நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். செய்தித்தாள்களிலும் வந்தது. சத்துக்குறைவும் கடும் உழைப்பும் காரணம் என்று அப்போது கருதினார்கள். வைட்டமின் டி ஏராளமாகக் கொடுத்தார்கள், சிலருக்கு வலி தணிந்தது.

ஹகினோவுக்கு அந்த விளக்கம் போதவில்லை. போருக்குப் பிந்தைய ஜப்பானில் சத்துக்குறைவு எல்லா ஊரிலும் இருந்தது, இந்த நோய் இங்கே மட்டும் ஏன்? நோயாளிகளின் வீடுகளை அவர் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார். கிழக்கே குமனோ ஆறு, மேற்கே இதா ஆறு, நடுவில் ஜின்சூ. புள்ளிகள் எல்லாம் அந்த இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குள், அதாவது ஜின்சூ வாய்க்கால் பாயும் நிலத்துக்குள், அடங்கிவிட்டன. குமனோ நீரையும் இதா நீரையும் குடித்த அண்டை ஊர்களில் நோய் இல்லை. 1957இல், சுரங்கத்திலிருந்து வரும் நஞ்சே காரணம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நாட்டுப்புற வைத்தியருக்கு என்ன தெரியும் என்று ஏளனம் செய்தார்கள். பெயருக்கும் பணத்துக்கும் ஆசைப்படுகிறார் என்றார்கள். ஊர்க்காரர்களிலும் சிலர் வெறுத்தார்கள். இப்படி ஒரு பேர் பரவினால் ஊர் அரிசி விலைபோகாது என்ற பயம் அவர்களுக்கு.

எந்த நஞ்சு என்பதை அவரால் தனியாகச் சொல்ல முடியவில்லை. பயிர்ப் பாதிப்பை ஆராய வந்த வேளாண் அறிஞர் கின்இச்சி யொஷியோகா அவரோடு சேர்ந்தார். ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜுன் கொபயாஷி நீர் ஆய்வில் தேர்ந்தவர். போர்க்காலத்திலேயே ஜின்சூ வயல்களை அரசுக்காகப் பார்த்துச் சென்றவர். ஹகினோ அனுப்பிய மாதிரிகளை அவர் நிறமாலைக் கருவியில் வைத்தார். ஆற்றுநீரில், அரிசியில், இறந்தவர்களின் எலும்பில், உள்ளுறுப்புகளில், எல்லாவற்றிலும் காட்மியம் இருந்தது. 1961இல் ஹகினோவும் யொஷியோகாவும் காட்மியமே காரணம் என்று மருத்துவ மாநாட்டில் அறிவித்தார்கள்.

காட்மியம் நீரோடும் சோற்றோடும் உள்ளே போனால் சிறுநீரகத்தில் தங்கிவிடும். பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். எனவே தினமும் குடிப்பது தினமும் சேர்வதுதான். அளவு மீறியதும் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதடையும். உடலுக்குத் திரும்ப வேண்டிய பாஸ்பேட்டும் கால்சியமும் புரதமும் சிறுநீரில் வெளியேறும். வைட்டமின் டி உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதும் சிறுநீரகத்தில்தான், அதுவும் தடைபடும். எலும்பில் தாதுச்சத்து ஏறாது. எலும்பு இருக்கும், உறுதி இருக்காது. பிள்ளைப்பேறும் பாலூட்டலும் பெண்ணின் கால்சியத்தை ஏற்கெனவே கரைத்திருக்கும். இரும்புச்சத்து குறைந்த உடல் காட்மியத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். பெண்களே வீழ்ந்ததற்குக் காரணம் இதுதான். இன்று உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஏற்கும் அளவு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். இந்தியத் தர அளவும் அதுவே. அன்று ஜின்சூ மக்களுக்கு அளவு என்ற பேச்சே இல்லை. நீரிலும் குடித்தார்கள், அந்த நீரில் விளைந்த அரிசியிலும் உண்டார்கள்.

அரசு மெல்லத்தான் அசைந்தது. 1961 இறுதியில் தொயாமா மாவட்ட நிர்வாகம் ஓர் ஆய்வுக் குழு அமைத்தது. நோயை வெளியுலகுக்குக் காட்டிய ஹகினோவுக்கு அதில் இடமில்லை. சுரங்கம் கிஃபு மாவட்டத்தில், நோயாளிகள் தொயாமா மாவட்டத்தில் என்ற எல்லைக்கோடும் நிறுவனத்துக்கு வசதியாக இருந்தது. இதற்கெல்லாம் பிறகு ஊரார் தாமே திரண்டார்கள். 1966இல் யொஷிஹிசா கொமாட்சு தலைமையில் சங்கம் ஒன்று உருவானது. மிட்சுயியிடம் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார்கள், பலனில்லை. தோற்றால் பரம்பரை நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தே 1968 மார்ச்சில் வழக்குத் தொடுத்தார்கள். நாடெங்குமிருந்து வழக்கறிஞர்கள் வந்து துணை நின்றார்கள். அதே ஆண்டு மே 8ஆம் தேதி சுகாதார நல அமைச்சகம், இது காட்மிய நஞ்சால் சிறுநீரகம் கெட்டு உண்டாகும் எலும்பு நோய் என்றும், அந்தக் காட்மியம் கமியோகாவிலிருந்து வந்தது என்றும் அறிவித்தது. தொழிற்கழிவால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு ஏற்ற முதல் நோய் இதுதான்.

நீதிமன்றத்தில் நிறுவனம் கேட்ட கேள்வியை இந்தத் தொடரில் ஏற்கெனவே பல நாடுகளில் கேட்டுவிட்டோம். ஒவ்வொரு நோயாளியும் எத்தனை மில்லிகிராம் காட்மியம் உண்டார், அது எப்படி எலும்பை முறித்தது என்று வரிசையாக நிரூபியுங்கள் என்றது. பதிவேடு வைத்துக்கொண்டு யார் தண்ணீர் குடிக்கிறார்கள்? தொயாமா நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. எந்த ஊரில் நோய், எந்த ஊரில் இல்லை, எந்த நீர் எங்கே பாய்ந்தது என்ற கொள்ளைநோயியல் சான்று போதும் என்றது. வரைபடத்தில் ஹகினோ வைத்த புள்ளிகள் சட்டத்தின் முன் சாட்சியாகிவிட்டன. ஜப்பானின் சுரங்கச் சட்டம் 1939 திருத்தத்திலிருந்தே, தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் கேட்டுக்குச் சுரங்கக்காரரே பொறுப்பு என்று சொல்லியிருந்ததும் கைகொடுத்தது. 1971 ஜூன் 30 அன்று தீர்ப்பு. ஜப்பானின் நான்கு பெரும் மாசு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் பெற்ற முதல் வெற்றி. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1972 ஆகஸ்ட் 9 அன்று நகோயா உயர் நீதிமன்றத்தின் கனசாவா கிளை அதைத் தள்ளுபடி செய்து, 5.7 கோடி யென்னாக இருந்த இழப்பீட்டை 14.82 கோடி யென்னாக உயர்த்தியது.

வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். ஜின்சூ மக்களின் பெருமை மறுநாளில் இருக்கிறது. ஆகஸ்ட் 10 அன்று அவர்கள் டோக்கியோவில் மிட்சுயி தலைமை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். பல மணி நேரப் பேச்சுக்குப் பிறகு மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டே எழுந்தார்கள். ஒன்று, வழக்கில் சேராத நோயாளிகளுக்கும் இழப்பீடு. இரண்டு, கெட்டுப்போன நிலத்துக்கான பொறுப்பு. மூன்றாவது, மாசுத் தடுப்பு ஒப்பந்தம். ஊரார் தேவை என்று கருதும் எந்த நேரத்திலும், தாம் தேர்ந்தெடுத்த நிபுணர்களோடு சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் கழிவுத் தேக்கத்துக்கும் போகலாம். ஆவணங்களைக் கேட்கலாம், மாதிரி எடுக்கலாம். செலவு நிறுவனத்துடையது.

பணத்தைவிட இந்த மூன்றாவது தாள்தான் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். 1972 முதல் ஆண்டுதோறும் அவர்கள் உள்ளே போனார்கள். நெல் நடுபவர்கள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து குழாய் குழாயாகப் பார்த்தார்கள், வடிகால் வடிகாலாக நீர் எடுத்தார்கள். ஆலைக்கு அடியில் பல ஆண்டுகளாக நிலத்தில் ஊறியிருந்த காட்மியம், அருகில் ஓடும் மின்நிலையக் கால்வாயில் கசிந்து ஆற்றுக்குப் போவதைக் கண்டுபிடித்தது இந்த ஆய்வுகள்தான். ஆலையின் வாசலில் நின்று அளந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. நிறுவனமும் போகப்போக எதிர்ப்பை விட்டது, கண்டவற்றைச் சரிசெய்தது. இன்று ஜின்சூவில் காட்மியம் இயற்கையான ஆற்றில் இருக்கும் அளவை ஒட்டி இருக்கிறது.

நடுவில் சோதனைகளும் வந்தன. 1975இல் நாடறிந்த மாத இதழ் ஒன்று, இது உண்மையிலேயே மாசால் வந்த நோயா என்று சந்தேகம் கிளப்பிக் கட்டுரை வெளியிட்டது. ஆளுங்கட்சியினர் சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நோயாளிகளை அங்கீகரிப்பது சுருங்கியது, நிலச் சீரமைப்பு தள்ளிப்போனது. நஞ்சேறிய வயல்களாகக் குறிக்கப்பட்டவை ஏறத்தாழ 1,500 ஹெக்டேர். அவற்றில் 863 ஹெக்டேரில் பழைய மேல்மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பி, மறுபடி வயலாக்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்த வேலை 2012இல்தான் முடிந்தது. செலவு ஏறத்தாழ 4,000 கோடி யென். அதில் நிறுவனத்தின் பங்கு நாற்பது சதவீதத்துக்கும் குறைவு, மிச்சம் மக்களின் வரிப்பணம். மண்ணை நஞ்சாக்க எடுத்த காலத்தில் பாதியாவது அதை மீட்க ஆகிறது என்பதை, புதிய சுரங்கத்துக்கு அனுமதி வழங்கும் எவரும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கமியோகாவில் தாது வெட்டுவது 2001இல் நின்றது. உருக்கும் வேலை இன்றும் நடக்கிறது. மலைக்குள் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் குடைந்த கூடம் ஒன்றில், 50,000 டன் மிகத் தூய நீரை நிரப்பி நியூட்ரினோ துகள்களை ஆராய்கிறார்கள். அந்த மலையில் நடந்த ஆய்வுகளுக்காக மசதொஷி கொஷிபாவுக்கு 2002இலும் தகாகி கஜிதாவுக்கு 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் கமியோகாவை இன்று அறிவது அதனால்தான். அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் அதே மலையின் நீர் கீழே இருந்தவர்களுக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

2013 டிசம்பரில் இறுதி உடன்பாடு ஏற்பட்டது. எலும்பு முறியும் அளவுக்குப் போகாமல், சிறுநீரகம் மட்டும் பழுதடைந்தவர்களுக்கு ஆளுக்கு 6 லட்சம் யென். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ஊரார் ஏற்றார்கள். ஹகினோ அதைப் பார்க்கவில்லை, 1990இல் இறந்துவிட்டார். அரசுப் பதிவேட்டில் நோயாளிகளாக ஏறியவர்கள் ஏறத்தாழ 200 பேர். அந்தப் பதிவு தொடங்கியதே 1967இல்தான். அதற்கு முன் உள்ளறைகளில் இறந்த பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. ஆண்டு ஆய்வு மட்டும் உடன்பாட்டுக்குப் பிறகும் நிற்கவில்லை. சுரங்கம் மூடினாலும் கழிவுத் தேக்கங்கள் மலையில்தானே இருக்கின்றன, நிலநடுக்கமும் பெருமழையும் வரும் நாட்டில்.

இதைப் படிக்கும் உங்களில் யாருடைய ஊருக்கேனும் மேலே சுரங்கமோ உருக்காலையோ இருந்தால், வேலையும் இழப்பீடும் கேட்டு எழுதும் மனுவில் ஜின்சூ மக்களின் மூன்றாவது தாளையும் சேர்த்துக் கேளுங்கள்: நாங்கள் நினைத்த நாளில், நாங்கள் நம்பும் நிபுணரோடு, உள்ளே வந்து பார்ப்போம், செலவு உங்களுடையது. அப்படி ஒப்பந்தம் போட முடியாது என்று சொல்பவர்களிடம், 1972இல் மிட்சுயி போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

(தொடரும்)